சில்லு பெருத்த லொறியும் சுருங்கிப்போன ரோட்டும்

தம்பிமாரே,

கூட்டத்தில் எழும்பி நின்று நாலு வார்த்தை பேசச் சொன்னீர்கள். ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் வாசிக்க எழுப்பினாலே அழுதுவிடுவேன். ஐந்தாம் வகுப்போடு அந்தக் கரைச்சல் முடிந்தது. தோள்மூட்டு விட்டுப்போனபிறகு இப்போது கராஜுக்கும் வருவதில்லை. ஆனபடியால் எழுதித் தருகிறேன். உங்களில் குரல் நல்ல ஒருவர் வாசித்துவிடுங்கள்.

எஞ்சின் இறக்குவது, ஏற்றுவது, கிளச் மாற்றுவது ஒன்றும் இதில் இல்லை. அதெல்லாம் கை பழகினால் வரும். நான் எழுதப்போவது சந்தேகத்தைப் பற்றி. எங்கள் தொழிலில் சந்தேகப்படாதவன் வேலைக்கு உதவமாட்டான். ஆனால் எதை முதலில் சந்தேகப்படுவது என்று தெரியவேண்டும்.

ஆட்களின் பெயரை எழுத மாட்டேன். இதில் வருகிற இரண்டு பேரும் இன்னும் இருக்கிறார்கள்.

காங்கேசன்துறைப் பக்கத்தில் ஒரு சம்மாட்டியார். சொந்தமாகப் படகும் வலையும் வைத்து ஆள் பிடித்துத் தொழில் செய்பவரை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். மீன் ஏற்ற ஒரு சின்ன லொறி வைத்திருந்தார். கரையில் ஐஸ் போட்டு ஏற்றினால் சுன்னாகம், புத்தூர், மீசாலை வழியாகச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய்த் திரும்பும். லொறியை ஓடுவது அவருடைய மச்சான்காரன், மனைவியின் தம்பி.

ஒருநாள் சம்மாட்டியார் தானே லொறியை ஓட்டிக்கொண்டு சுன்னாகத்தில் எங்கள் கராஜுக்கு வந்தார். வள்ளம் திருப்புவதுபோலத்தான் அவர் லொறி திருப்புவார். வாசல் தூண் தப்பியது பெரிய காரியம். இறங்கி, சுற்றிவரப் பார்த்துவிட்டு என்னைப் பின்பக்கம் கூட்டிக்கொண்டு போனார்.

"தம்பி, டீசல் தாங்கி வாய்க்குள்ளை ஒரு கம்பி வலை இறுக்கித் தாரும். குழாய் உள்ளை போகக்கூடாது."

"டீசல் இழுக்க ஆர் குழாய் விடுகினம்?"

"நான் ஆற்றை பேரும் சொல்லேல்லை." கொஞ்ச நேரம் கடலைப் பார்ப்பதுபோல் மதிலைப் பார்த்துக்கொண்டு நின்றார். "மனிசியின்ரை தம்பிதான். வேறை ஆர்?"

டீசலுக்கு வரிசையில் கிடந்த காலம் அப்போது முடிந்திருந்தது. ஆனால் அந்தக் காலத்தில் பழகிய கண் ஒருவருக்கும் மாறவில்லை. பக்கத்து வீட்டான் போத்தலோடு போனால் அதற்குள் என்ன என்றுதான் பார்ப்போம். சம்மாட்டியார் கணக்கும் அப்படிப்பட்டதுதான். சித்திரைக்குப் பிறகு லொறி டீசல் கூடக் குடிக்கிறது. சித்திரைக்குப் பிறகுதான் மச்சான்காரன் தன் வீட்டுச் சுவருக்குச் சீமெந்து பூசினவன். இரண்டையும் அவர் ஒன்றாகக் கட்டிவிட்டார்.

சொன்னபடி வலையை இறுக்கிக் கொடுத்தேன்.

அடுத்த கிழமை மச்சான்காரன் வந்தான். வெயிலில் கறுத்த, சிரிப்புக்காரன். தாங்கி மூடியைத் திறந்து எனக்குக் காட்டினான்.

"அண்ணை, உது உங்கடை வேலையோ?"

நான் தலையாட்டினேன்.

"பரவாயில்லை. மீன் பிடிக்கிற மனிசன்தானே. வலை போட்டுத்தான் என்னையும் பிடிப்பார்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னான். ஆனால் பேச்சு முடிய முகம் மாறிவிட்டது.

"லொறி இழுக்குதில்லை அண்ணை. முந்தி நாலாம் கியரிலை போன இடத்திலை இப்ப மூண்டிலை முனகுது. புத்தூர் தாண்டி வெளிக்குள்ளை இறங்கினா, எதிர்க்காத்துக்கு மூண்டும் காணாது. மணலுக்குள்ளையிருந்து எடுக்கேக்கை கிளச் மணக்குது. அத்தான் நான் ஓடத் தெரியாமல் ஓடுறன் எண்டுறார். எஞ்சின் போச்செண்டு நீங்கள் ஒரு சொல்லுச் சொல்லிவிடுங்கோ."

இந்த இடத்தைக் கவனியுங்கள் தம்பிமாரே. பார்க்குமுன்னரே தீர்ப்புக் கேட்டு வருகிறவனை நான் நம்புவதில்லை. அவனையும் நம்பவில்லை. எஞ்சினைப் பார்த்தேன். ஒரு நோயும் இல்லை. வடிகட்டிகள் சுத்தம், புகை சுத்தம், சத்தம் சுத்தம். எஞ்சின் நல்லது என்று சொன்னதும் அவன் இன்னொரு கதை சொன்னான்.

"போன மாசம் பொலிஸ் மறிச்சவங்கள். என்ரை மீற்றரிலை அறுபதுக்குக் கீழைதான் நிண்டது. அவங்கடை வேகம் பிடிக்கிற மெசினிலை அறுபதுக்கு மேலை காட்டுது. அத்தானுக்குச் சொன்னன். பொலிசின்ரை மெசின் பொய் சொல்லுமோ எண்டு கேட்டார்."

அப்போது என் மனதில் ஓடியதை மறைக்காமல் எழுதுகிறேன். ஒரு மனிதனுக்கு இவ்வளவு சாட்டு இருக்குமோ என்றுதான் நினைத்தேன். டீசல் கூடினால் சாட்டு, கிளச் மணந்தால் சாட்டு, பொலிஸ் பிடித்தால் சாட்டு. மூன்றிலும் பொய்க்காரன் அவனாகவே இருந்தான்.

பிறகு ஒரு பகல் இரண்டு பேரும் ஒன்றாக வந்தார்கள். லொறி நிற்கமுன்னரே உள்ளே சண்டை கேட்டது. சம்மாட்டியார் இறங்கிய வேகத்தில் என்னிடம்தான் வந்தார்.

"வலை போட்டும் டீசல் போகுது. தாங்கிக்கு அடியிலை வேறை வழி ஏதும் காட்டிக் குடுத்தனீரோ?"

 அவர் பதிலுக்கு நிற்கவில்லை.

"டீசலை விடும். இண்டைக்குப் புதுசா ஒண்டு பிடிச்சிருக்கிறன். சாவகச்சேரிக்குப் போய் வாற தூரம் எனக்குத் தெரியாதோ? முந்தி மீற்றர் காட்டினதிலும் இப்ப குறைச்சுத்தான் காட்டுது. நாள் நாளாய்ப் பாத்துப்போட்டன். உவன் சந்தைக்குப் போறதேயில்லை! வழியிலை எங்கையோ வைச்சு மீனை வித்துப்போட்டுத் திரும்பிறான்."

"சந்தையிலை கேட்டுப் பாருங்கோ அத்தான். நான் நாள்தோறும் போறனோ இல்லையோ எண்டு அவங்கள் சொல்லுவாங்கள்."

"அவங்களும் உன்ரை ஆக்கள்தானே."

சந்தேகம் முற்றினால் சாட்சியையும் சேர்த்து விழுங்கிவிடும். அதற்குப் பிறகு அந்த மனிதன் என்ன சொன்னாலும் வாய்க்குள்ளேயே கிடக்கவேண்டியதுதான்.

சம்மாட்டியார் என் பக்கம் திரும்பினார். "தம்பி, நீர் ஆற்றை பக்கமும் இல்லை. லொறியைப் பாத்துச் சொல்லும். லொறியிலை பிழையில்லையெண்டா உவன் இண்டைக்கே லொறித் திறப்பைத் தந்துபோட்டு நடக்கட்டும். தமக்கையைப் பாக்கவும் வரத் தேவையில்லை."

எனக்குச் சண்டையைக் கண்டால் ஒதுங்கத்தான் தெரியும். ஒதுங்குவதற்கு எங்கள் தொழிலில் நல்ல இடம் ஒன்று இருக்கிறது. லொறிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டேன். அடியில் கிடப்பவனை ஒருவரும் ஆளாக எண்ணமாட்டார்கள். இரண்டு சோடிச் செருப்பு எனக்கு முன்னால் நடந்து நடந்து சண்டை பிடித்தன.

அங்கே கிடந்து ஒன்றைத்தான் யோசித்தேன். டீசலைத் திருடலாம். மீனை விற்கலாம். பொலிசுக்கும் அத்தானுக்கும் பொய் சொல்லலாம். ஆனால் அதே ஆள், அதே ரோட்டு, பொழுதும் அதேதான் எடுக்கிறது. மீற்றர் மட்டும் குறைத்துக் காட்டுகிறது. வழியில் மீனை விற்றுவிட்டுத் திரும்புகிறவன் வேளைக்கு, வழக்கத்துக்கு முந்தி, வருவான். இவன் முந்தி வந்த நேரத்துக்குத்தான் வந்துகொண்டிருந்தான். அதைச் சம்மாட்டியாரே கோபத்தில் கத்தியிருந்தார்: "வேளைக்கு வந்தாலும் பரவாயில்லை, எங்கையோ நிண்டு கதைச்சுப்போட்டு வழக்கமான நேரத்துக்கு வாறான்!" ஒரு கள்ளன் இவ்வளவு கெட்டிக்காரனாக இருக்கத் தேவையில்லை. ரோட்டு சுருங்காது. அப்படியென்றால் மீற்றருக்கும் ரோட்டுக்கும் நடுவில் ஏதோ மாறியிருக்கிறது. நடுவில் இருப்பது ரோட்டில் உருளுகிற சில்லுத்தான்.

தலையைத் திருப்பிப் பின்சில்லைப் பார்த்தேன். சில்லுக்கு மேலே உள்ள சேற்றுத் தகட்டில், தேய்ந்து வெள்ளி மாதிரி மினுங்கிய ஒரு கோடு. பாரம் ஏறும்போது சில்லின் ரயர் உரசிய அடையாளம். ரயர் நல்ல புதுசு, பல்லுப் பெரிசு. அடியில் தொங்கிய மேலதிகச் சில்லில் மட்டும் பழைய ரயர் கிடந்தது. அதை இறக்கி உருட்டிக்கொண்டு வந்து பின்சில்லுக்குப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்தேன். பின்சில்லு நாலு விரல் உயரமாக நின்றது.

"இந்த ரயர் எப்ப போட்டது?"

சம்மாட்டியார் முகத்தைத் திருப்பினார். "அது சித்திரைக்குப் பிறகு. யாழ்ப்பாணத்திலை ஒருத்தன் நல்ல ரயர் எண்டு தந்தான். கொஞ்சம் உயரமாயிருந்தா மணலுக்குள்ளை புதையாது, உப்புத்தண்ணியும் அடியிலை படாது எண்டு போட்டன். அதுக்கும் டீசலுக்கும் என்ன?"

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"உங்களிட்டை வாங்கேல்லையெண்டு கோவிப்பியள் எண்டுதான்."

இதுதான் எங்கள் ஆட்களின் குணம். கை மருந்து குடித்ததைப் பெரியாஸ்பத்திரியில் சொல்லமாட்டார்கள்; வேறு கடையில் மாற்றியதைக் கராஜில் சொல்லமாட்டார்கள். நாங்களும் முகத்தைத் தூக்கி வைத்து அவர்களைப் பழக்கியிருக்கிறோம். வாகனம் வந்தால் என்ன நோய் என்று மட்டும் கேட்டு நிற்காதீர்கள். கடைசியாக என்ன மாற்றினீர்கள் என்று கேளுங்கள், அதுவும் கோபமில்லாத முகத்தோடு.

பெரிய சில்லு என்ன செய்யும் என்பதை உங்களில் புதிதாய் வந்தவர்களுக்காக எழுதுகிறேன். எஞ்சின் முந்தியமாதிரித்தான் சுற்றும், கியர்ப்பெட்டியும் அப்படியே. ஆனால் சில்லு ஒருமுறை சுற்றும்போது லொறி முந்தியதைவிடக் கூடத் தூரம் போகவேண்டும். ஒவ்வொரு அடியையும் எட்டி வைத்து மூட்டை சுமப்பதுபோல. எல்லாக் கியரும் ஒரு பங்கு பாரமாகிவிடும். அதனால்தான் மூன்றாம் கியரிலும் முனகியது, மணலில் கிளச் மணந்தது. மீற்றருக்கோ தூரம் தெரியாது; அது கியர்ப்பெட்டியின் சுற்றைத்தான் எண்ணும். குறைந்த சுற்றில் கூடத் தூரம் போனால் தூரத்தையும் குறைத்துச் சொல்லும், வேகத்தையும் குறைத்துச் சொல்லும். பொலிசின் மெசினும் பொய் சொல்லவில்லை, அவனும் பொய் சொல்லவில்லை.

ஒரு மேடு இருக்கிற ஊரென்றால் முதல்நாளே தெரிந்திருக்கும். எங்கள் குடாநாடு தட்டையாகக் கிடக்கிறது. ஏற்றம் என்று ஒன்றைக் காணாத வண்டியில் இந்தப் பிழை மாதக்கணக்காக ஒளிந்திருக்கும். காற்றும் மணலும்தான் எங்களுக்கு மலை.

நான் இவ்வளவும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்ல வராது. "வாங்கோ, ஒருக்கா ஓடிப் பாப்பம்" என்றேன். மூன்று பேரும் முன்னால் நெருக்கி இருந்தோம். மச்சான்காரன் ஓடினான், நடுவில் நான், மற்றக் கரையில் சம்மாட்டியார். தெல்லிப்பழைக்குப் போய்த் திரும்பி, காங்கேசன்துறை வீதியில் யாழ்ப்பாணம் நோக்கி வந்தோம். ரோட்டுக் கரையில் கிலோமீற்றர்க் கல் ஒவ்வொன்றாக வர, சம்மாட்டியார் வலையில் மீன் எண்ணுவதுபோல் சத்தமாக எண்ணினார். பத்துக் கல் ஓடியதற்கு மீற்றரில் ஒன்பதுதான் ஏறியிருந்தது.

"கல்லை ஆரும் பிடுங்கி மாத்தி நட்டிருப்பாங்களோ?" என்று கேட்டார்.

"ஓம் அத்தான்," என்றான் மச்சான்காரன். "நான்தான் இரவோடிரவா வந்து நட்டனான். டீசல் வித்த கையோடை."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்தால் அந்த இடத்தில் சண்டை முடிந்துவிடும் என்றும் நினைத்தேன். முடியவில்லை. கராஜுக்கு வந்து இறங்கியதும் சம்மாட்டியார் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"சரி, மீற்றர் பிழை. பொலிஸ் கதையும் சரி. நான் மீற்றரை விட்டுப்போட்டுக் கேக்கிறன். கிழமைக்கு அதே ஓட்டம்தான். அதே சந்தைதான். அதுக்கு முந்தி ஊத்தின டீசலிலும் இப்ப கூட ஊத்திறன். மீற்றரிலை பிழையெண்டா ஊத்திற டீசல் ஏன் கூடவேணும்?"

நல்ல கேள்வி. அந்த மனிதனை நான் முட்டாள் என்று ஒருநாளும் நினைத்ததில்லை. பாரமான ரயர், முனகுகிற கியர், மணலில் வழுக்குகிற கிளச், எல்லாம் டீசலைக் கூடக் குடிக்கும். ஆனால் எவ்வளவு கூட? எனக்குத் தெரியாது. அந்தக் கூடுதலுக்குள் ஒரு சின்னக் கான் டீசல் ஒளிந்திருக்க இடம் இருந்தது. சீமெந்து பூசிய சுவரும் நின்றது.

மச்சான்காரன் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். "எல்லாம் ரயர்தான்" என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவேண்டும் என்று எனக்கு ஆசையாகவும் இருந்தது. வாகனம் என்றால் நாங்கள் சொல்வதுதான் தீர்ப்பு; அதற்கு மேல் சம்மாட்டியார் போகமாட்டார்.

"கொஞ்சம் ரயராலை," என்றேன். "முழுக்க ரயராலையோ எண்டு சொல்ல எனக்கு ஏலாது."

"அண்ணை," என்றான் அவன். குரலில் சிரிப்பு இல்லை. "நீங்களும் என்னைக் கள்ளன் எண்டுதான் நினைக்கிறியளோ?"

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னேன். "நான் ஒண்டும் நினைக்கேல்லை. பழைய அளவு ரயரைப் போடுவம். தாங்கியை வாய்மட்டம் நிரப்புவம். ஒரு கிழமை அதே ஓட்டம் ஓடட்டும். திரும்ப வாய்மட்டம் நிரப்பிப் பாப்பம்."

"அது நல்லது," என்றார் சம்மாட்டியார். "நானும் கூட இருந்து போறன்."

"நீங்கள் போகக்கூடாது."

வாழ்க்கையில் நான் ஒரு முதலாளியை மறித்துப் பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன். சம்மாட்டியார், நீங்கள் பக்கத்தில் இருந்தால் கள்ளனும் எடுக்கமாட்டான், நல்லவனும் எடுக்கமாட்டான். கணக்குச் சரியாக வந்தாலும் நான் இருந்தபடியால்தான் சரி என்று வீட்டுக்குப் போய்ச் சொல்வீர்கள். அவன் தனியப் போகட்டும். இதைத் திக்கித் திக்கிச் சொல்லி முடித்தேன். அவர் "ம்" என்றார்.

"பழைய ரயர் எங்கை?" என்று கேட்டேன்.

"வள்ளம் அணையேக்கை அடிபடாமல் பக்கத்திலை கட்டித் தொங்குது."

எங்கள் கராஜில் கிடந்த அதே அளவு ரயர் நாலைத் தேடிப் பூட்டிவிட்டேன்.

அந்தக் கிழமை எனக்கு நித்திரை சரியில்லை. அவன் கெட்டிக்காரன் என்றால் இந்த ஒரு கிழமை கையைக் கட்டிக்கொண்டு ஓடிவிட்டு நல்ல பிள்ளையாக வருவான் என்ற யோசனையும் வந்தது. அப்படி வந்தால் என் சோதனையாலும் ஒன்றும் தெரியாது. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தேன். கிழமை முடிய, சின்ன ரயரைக் கழற்றாமல், அவனுக்குச் சொல்லாமல் இன்னொரு கிழமைக்கும் டீசலை எண்ணினேன். அவன் கேட்டபோது, பார்க்கவேண்டியதைப் பார்த்தாயிற்று, இந்த ரயரோடேயே ஓடட்டும் என்று சொன்னேன். கணக்கு முடிந்துவிட்டது என்று அவன் நினைத்துக்கொண்டு அடுத்த கிழமையும் ஓடினான். சம்மாட்டியாருக்கு மட்டும் தெரியும்.

முதல் கிழமை சின்ன ரயரில் டீசல் சித்திரைக்கு முந்திய அளவுக்கு வந்து நின்றது. இரண்டாம் கிழமை, ஒருவரும் பார்க்கவில்லை என்று அவன் நினைத்த கிழமையில், அதே சின்ன ரயரில், அதே அளவுக்குத்தான் வந்தது. ஒரு சொட்டுக் கூட இல்லை. எல்லாம் ரயர்தான்.

கணக்கைப் பார்த்து முடித்து லொறியை வெளியே எடுத்து விட்டபோது இரண்டு பேரும் கராஜில் நின்றார்கள். சம்மாட்டியாருக்கு நல்ல சந்தோசம். மச்சான்காரனின் தோளில் தட்டினார்.

"பாத்தியோ, நான் அப்பவே நினைச்சனான் ரயரிலைதான் ஏதோ பிழையெண்டு. ஒரு கிழமை உனக்குத் தெரிய, ஒரு கிழமை தெரியாமல் வைச்சுப் பாத்தம். ரெண்டும் சரி. தம்பி கெட்டிக்காரன்."

மச்சான்காரன் என்னைப் பார்த்தான். பிறகு அவரைப் பார்த்தான்.

"ரயரைப் பற்றி நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை அத்தான். என்னைப் பற்றித்தான் சொன்னனீங்கள். அக்காவுக்குச் சொன்னனீங்கள். அவ என்ரை வீட்டுச் சுவரை வந்து தொட்டுப் பாத்தவ."

திறப்பைப் பொனட்டின் மேல் வைத்தான். வீசவில்லை, மெதுவாகத்தான் வைத்தான். ரோட்டைக் கடந்து அந்தப் பக்கம் போய் பஸ்ஸுக்கு நின்றான். பஸ் வர நேரம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அவன் எங்கள் பக்கம் திரும்பவில்லை. நாங்களும் கூப்பிடவில்லை.

அந்த இரண்டாம் கிழமையைப் பற்றி உங்களில் சிலர் என்னோடு சண்டை பிடிப்பீர்கள். பிடியுங்கள். ஆனால் அதே நிலைமை வந்தால் நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்வேன். முதல் கிழமையோடு விட்டிருந்தால் சம்மாட்டியார் சாகும்வரை அவனைச் சந்தேகப்பட்டிருப்பார், நானும்தான். சோதனை அவனுடைய கள்ளப் பெயரைக் கழுவியது. அவனை வேலையில் நிற்க வைக்கச் சோதனையால் முடியாது. அது லொறி முதலாளியுடைய வேலை. என்னில்தான் பிழை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவர் தோளில் தட்டினார்.

பஸ் போனபிறகு சம்மாட்டியார் திறப்பை எடுத்தார். கரையில் மீன் வந்து இறங்கியிருக்கும், ஐஸ் உருகத் தொடங்கியிருக்கும்.

"தம்பி, லொறி ஓட நம்பிக்கையான றைவர் ஆரும் இருந்தாச் சொல்லும்," என்றார்.

நான் பெரிய ரயரை உருட்டி மதிலோடு சாய்த்து வைத்தேன். அவர் கொஞ்சம் நின்று பார்த்துவிட்டு ஏறினார். இருக்கை அவருக்குத் தூரமாக இருந்தது. நுனியில் இருந்துகொண்டு கிளச்சை மிதித்தார். லொறி முனகாமல், ஒரு துள்ளுத் துள்ளாமல், இலேசாக எடுத்துக்கொண்டு போனது. அதில் இனி ஒரு குறையும் இல்லை.